அம்மிச்சி வீட்டு டிவிடி பிளேயரில் ஓடுகிற தகடு

போன தை மாதம் எங்கள் ஊரில் வள்ளி கும்மி அரங்கேற்றம். மாமன் மகள் ஆடினாள். கோவில் திடலில் சலங்கை கட்டிய நூறு பேர், நடுவில் பாட்டு வாத்தியார், மூன்று மணி நேரம் குறையாத ஆட்டம். முழங்கால் வலியால் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வர முடியவில்லை. பல்லடம் பக்கத்தில், தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் இருக்கிறார். கைபேசியில் பார்க்கச் சொன்னால், "கடுகளவு தெரிகிறது, யார் யாரென்று அடையாளம் தெரியவில்லை" என்பார். அவருக்குப் பழக்கமானது டிவிடி பிளேயர். தட்டை வெளியே தள்ளும் பொத்தானும் ஓடவைக்கும் பொத்தானும் அவருக்கு மனப்பாடம்.

நான் எடுத்த வீடியோவில் முதல் அரை மணி நேரத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்தேன். 3.8 ஜிபி வந்தது. வெற்றுத் தகட்டைக் கணினியில் போட்டு, கோப்பை அதற்குள் இழுத்துவிட்டு, எழுதச் சொன்னேன். எழுதி முடித்ததும் கணினியில் அருமையாக ஓடியது. பெருமையோடு பல்லடம் போனேன். பிளேயர் தகட்டை வாங்கிக்கொண்டு, விர்ரென்று சுற்றி, யோசித்து, 'நோ டிஸ்க்' என்று எழுதிக் காட்டியது.

"என்ன கண்ணு, தகட்டில் ஒன்றும் இல்லையாமே?" என்றார் அம்மிச்சி.

தகட்டில் எல்லாம் இருந்தது. அந்தப் பெட்டிக்குப் படிக்கத் தெரிந்த வடிவத்தில்தான் இல்லை.

கணினியில் தகடு எழுதுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று தரவுத் தகடு: கோப்புகளை அப்படியே நகல் எடுத்து வைப்பது. பென் டிரைவில் போடுவது போலத்தான். இன்னொன்று டிவிடி வீடியோ: படத்தைக் குறிப்பிட்ட ஒரு முறைக்கு மாற்றி, குறிப்பிட்ட பெயருள்ள ஃபோல்டரில் குறிப்பிட்ட ஒழுங்கில் அடுக்கி எழுதுவது. கணினிக்கு இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் அதில் எந்தக் கோப்பையும் திறக்க ஏதாவது ஒரு மென்பொருள் இருக்கும். வீட்டு பிளேயரோ ஒரே வேலைக்குப் பிறந்தது. சந்தகை பிழியும் அச்சில் ஊறிய அரிசியைக் கொட்டி அழுத்தினால் என்ன வரும்? அரைத்து, வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் போட்டால்தான் இழை இறங்கும். நான் அரிசியைக் கொட்டியிருந்தேன்.

சரி, பிளேயர் எதைத் தேடுகிறது? தகடு உள்ளே போனதும் 'வீடியோ_டிஎஸ்' என்ற பெயருள்ள ஃபோல்டரைத் தேடும். அது தகட்டின் முதல் படியிலேயே இருக்க வேண்டும். இன்னொரு ஃபோல்டருக்குள் ஒளிந்திருந்தால் கண்ணில் படாது. அதனுள் மூன்று வகைக் கோப்புகள் இருக்கும். விஓபி என்று முடிபவை உண்மையான படமும் ஒலியும். ஒவ்வொன்றும் 1 ஜிபியைத் தாண்டாது, அதனால் நீளமான படம் பல துண்டுகளாக இருக்கும். ஐஎஃப்ஓ என்று முடிபவை பொருளடக்கம் மாதிரி: எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது, எந்தப் பொத்தானை அழுத்தினால் எங்கே தாவ வேண்டும் என்ற விவரம். பியூபி என்பது அந்தப் பொருளடக்கத்தின் மறுநகல், முதல் நகல் கீறிப்போனால் உதவுவதற்கு. நடுவில் ஒரு துண்டை மட்டும் எடுத்துப் பெயர் மாற்றி எழுதினால் ஓடாததற்குக் காரணம் இதுதான். பொருளடக்கம் ஒன்று சொல்லும், உள்ளே வேறொன்று இருக்கும்.

படமும் குறிப்பிட்ட முறையில் இருக்க வேண்டும் என்றேன். டிவிடி வீடியோ முதலில் ஜப்பானில் 1996இல் விற்பனைக்கு வந்தது. அப்போது வகுத்த விதிகளைத்தான் நம் வீட்டுப் பெட்டி இன்றும் கடைப்பிடிக்கிறது. எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கிய படம். இந்தியாவில் வழங்கும் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் அகலம் 720 புள்ளி, உயரம் 576 புள்ளி, விநாடிக்கு 25 சட்டகம், அதாவது 25 தனிப் படங்கள். ஒலி விநாடிக்கு 48,000 மாதிரிகள் கொண்டதாக, பெரும்பாலும் டால்பியின் ஏசி-3 வடிவில். கைபேசி எடுப்பதோ 1920க்கு 1080 புள்ளி, எச்.264 அல்லது எச்.265 என்னும் பிற்காலத்து முறை. 2006இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் இலவசமாக வந்த 14 அங்குலத் தொலைக்காட்சியோடு சேர்த்து வாங்கிய பிளேயருக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. ஆகவே, எழுதுவதற்கு முன் மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது படத்தின் துல்லியம் குறையும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்தத் திரையில் வித்தியாசம் தெரியாது.

இதற்கு முந்தைய தலைமுறைக்கு விசிடி நினைவிருக்கும். கல்யாணத்துக்கு மூன்று சிடி வரும். சீர் முடிந்து தாலி கட்டப் போகும் நேரத்தில் இரண்டாவது சிடியைத் தேட வேண்டும். அது எம்பெக்-1 முறை, 352க்கு 288 புள்ளி. ஒரு சிடியில் ஒன்றேகால் மணி நேரம் அடங்கும். டிவிடி பிளேயர்களில் பெரும்பாலானவை விசிடியையும் ஓட்டும். ஆனால் இன்று புதிதாக விசிடி செய்ய ஒரு காரணமும் இல்லை.

தகடு 'எரிப்பது' என்ற சொல் ஏன் வந்தது என்பதும் தெரிந்துகொள்ளத்தக்கது. கடையில் வாங்கும் படத் தகட்டில் குழிகள் ஆலையிலேயே அச்சால் அழுத்தப்பட்டவை. வெற்றுத் தகட்டில் குழி கிடையாது. ஒரு சாயப் பூச்சு இருக்கிறது. ரைட்டரில் உள்ள லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு, ஒளியை வேறு விதமாகத் திருப்பும் புள்ளிகளை உண்டாக்குகிறது. பிளேயருக்கு அது குழி போலவே தெரியும். எழுத்து உட்பக்கத்தில் தொடங்கி, சுருளாக வெளிவிளிம்பை நோக்கிப் போகும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் சுமார் நூறு சுற்றுகள் அடங்கும். இவ்வளவு நெருக்கத்தில் சுட்டதைப் பழைய பிளேயர் படிக்கிறதே, அதுதான் அதிசயம்.

இனி கணக்கு. புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். "என் வீடியோ 23 ஜிபி, தகடு 4.7 ஜிபி, எப்படிக் கொள்ளும்?" என்று கேட்பார்கள். கோப்பு எத்தனை ஜிபி என்பதை மறந்துவிடுங்கள். எப்படியும் அது மாற்றி எழுதப்படப் போகிறது. எத்தனை நிமிடம் என்பது மட்டுமே கேள்வி. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால், 4.7 ஜிபி என்றால் 37,600 மெகாபிட். (கணினி 4.38 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அது ஆயிரத்துக்குப் பதில் 1024ஆல் வகுத்து எண்ணுகிறது.) இதை விநாடிகளால் வகுத்தால் ஒரு விநாடிப் படத்துக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்று தெரியும். ஒரு மணி நேரம் என்றால் 10 மெகாபிட்டுக்கு மேல். பிளேயரின் உச்ச வரம்பே படத்துக்கு 9.8தான் என்பதால் இடம் மிச்சமாகும். இரண்டு மணி நேரம் என்றால் 5.2. மூன்று மணி நேரம் என்றால் ஏறத்தாழ 3.5, அதிலும் ஒலிக்குக் கொஞ்சம் போய்விடும்.

மூன்று மெகாபிட்டில் படம் ஓடும். ஆனால் எந்தப் படம் என்பதைப் பொறுத்தது. எம்பெக்-2 ஒவ்வொரு சட்டகத்தையும் முழுதாக எழுதுவதில்லை. அரை விநாடிக்கு ஒருமுறை ஒரு முழுப் படம். இடையில் உள்ளவற்றில் முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் எழுதும். மண்டபத்தில் மணமக்கள் மேடையில் நிற்க, வரிசையாக வந்து மொய் வைத்துப் போகிறவர்களைப் படம் எடுத்தால் மாறுவது குறைவு. பின்புற அலங்காரம் அசையாமல் இருக்கும். மூன்று மணி நேரத்தை ஒரே தகட்டில் அடைத்தாலும் பார்க்கலாம். கும்மி அப்படியல்ல. நூறு பேர் ஒரே நேரத்தில் குனிந்து, நிமிர்ந்து, சுழன்று, கை தட்டுகிறார்கள், சேலை பறக்கிறது, மண் எழும்புகிறது, விளக்கு வெளிச்சம் தூசியில் ஆடுகிறது. ஒவ்வொரு சட்டகத்திலும் எல்லாமே மாறுகிறது. கிடைத்த இடம் போதாமல் மென்பொருள் திணறும்போது முகங்கள் சதுரம் சதுரமாக உடையும். முகம் பார்க்கத்தானே தகடு போடுகிறோம்!

அதனால் என் வழி இது: கும்மி, ஒயிலாட்டம், தேரோட்டம், கபடி எதுவானாலும் ஒரு தகட்டுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போடுவதில்லை. அரங்கேற்றத்தை இரண்டு தகடாகப் பிரித்தேன். வள்ளி தினைப்புனம் காக்கப் போகும் கட்டத்தில் ஒரு பாட்டு முடிந்து மூச்சு வாங்குவார்கள், அங்கே வெட்டினேன். பாதிப் பாட்டில் வெட்டினால் அம்மிச்சி சும்மா விடமாட்டார். அவருக்குப் பாட்டு முழுவதும் தெரியும். அவர் காலத்தில் வள்ளி கும்மி ஆண்கள் மட்டும் ஆடியது. பெண்களையும் களத்தில் இறக்கிய கோவைக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது, செய்தித்தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டவர் அவர்.

கைபேசியில் எடுத்ததற்கே உரிய இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது, நெட்டுக்குத்தாக எடுத்த படம். அகலத் திரையில் அது மூன்றில் ஒரு பங்குகூட நிரப்பாது. இரண்டு பக்கமும் கறுப்பு. இதற்கு மருந்து கிடையாது, எடுக்கும்போதே கைபேசியைப் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். இரண்டாவது, கைபேசி விநாடிக்கு 30 சட்டகம் எடுக்கிறது. பால் தகட்டுக்கு 25. ஆறில் ஒரு சட்டகத்தை மென்பொருள் தூக்கி எறியும். பேச்சுக் காட்சியில் தெரியாது. ஆட்டக்காரரைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பிய இடங்களில் லேசாகத் தத்தும். சில கைபேசிகளில் 25 என்று மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. விழாவுக்கு முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால், மென்பொருளில் பால் முறைக்குப் பதில் அமெரிக்காவில் வழங்கும் என்டிஎஸ்சி முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அது விநாடிக்கு 29.97 சட்டகம். நம் ஊரில் விற்ற பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஏற்கும். தொலைக்காட்சி மிகப் பழையது என்றால் பால் முறையே பாதுகாப்பு.

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவிலிருந்து தகடு செய்யாதீர்கள். அனுப்பும்போதே அது நசுங்கிவிட்டது. எடுத்தவரிடம் போய் மூலக் கோப்பைக் கேபிள் வழியாகவோ பென் டிரைவிலோ வாங்குங்கள். உறவுக்காரர் வீட்டுக்கு ஒரு நடை போனால் காபியும் கிடைக்கும்.

தொண்ணூறுகளின் கல்யாணக் கேசட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. நாடாவில் வெள்ளைப் பூசணம் பூத்திருந்தால் அதை விசிஆரில் போடாதீர்கள். தலைப்பகுதி அழுக்காகி, அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தமான நாடாவைக் கணினிக்கு மாற்றியபின், படத்தில் குறுக்குக் கோடுகள் சீப்புப் பல் போலத் தெரிகிறதே என்று அதை நீக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். பழைய வீடியோ ஒவ்வொரு சட்டகத்தையும் இரண்டு அரைகளாக, ஒற்றைக் கோடு இரட்டைக் கோடு என்று, விநாடிக்கு 50 தடவை வரைந்தது. டிவிடியும் அதே முறையை அறியும், தொலைக்காட்சியும் அறியும். அப்படியே எழுதினால் அசைவு வழுவழுப்பாக இருக்கும். எந்த அரை முதலில் என்பதை மட்டும் சரியாகச் சொல்ல வேண்டும். மினிடிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் கேமரா நாடா என்றால் கீழ் அரை முதலில். மாற்றிச் சொன்னால், நடக்கிறவர்கள் எல்லாரும் முன்னும் பின்னும் உதறுவார்கள்.

மென்பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. டிவிடிஸ்டைலர் என்பது இலவசம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். புதிய திட்டம் தொடங்கும்போது தகட்டின் அளவு 4.7 ஜிபி, முறை பால், திரை 16:9, ஒலி ஏசி-3 என்று தேர்ந்தெடுத்து, வீடியோக்களை உள்ளே இழுத்துவிட்டால், மாற்றும் வேலை, அடுக்கும் வேலை இரண்டையும் அதுவே செய்யும். பழைய கணினியில் இதற்குச் சில மணி நேரம் ஆகும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். நேராகத் தகட்டில் எழுதச் சொல்லாமல், ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக வன்தட்டில் சேமிக்கச் சொல்லுங்கள். அதை விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் திறந்து பாருங்கள். பிழை தெரிந்தால் தகடு வீணாகாது. சரியாக இருந்தால், இம்க்பர்ன் என்ற இன்னொரு இலவச மென்பொருளால் எத்தனை தகடு வேண்டுமானாலும் எழுதலாம். ஹேண்ட்பிரேக் என்று பலரும் பரிந்துரைப்பார்கள். நல்ல மென்பொருள்தான், ஆனால் அது எம்பி4 போன்ற கோப்புகளைத்தான் செய்யும், டிவிடி செய்யாது.

முகப்புப் பக்கம் வேண்டுமா என்பது யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பூ மாலை, பின்னணி இசை, பாட்டு வாரியாகப் பொத்தான் என்று நான் ஆசையாகச் செய்த முகப்பில் அம்மிச்சி சிக்கிக்கொண்டார். அம்புக்குறிப் பொத்தான் அவருக்குப் பழக்கமில்லை. இசை திரும்பத் திரும்ப ஓடியது, கும்மி தொடங்கவில்லை. அடுத்த தகட்டில் முகப்பை எடுத்துவிட்டேன், போட்டவுடன் படம். பாட்டுக்குப் பாட்டு அத்தியாயம் மட்டும் பிரித்து வைத்தேன், தாவும் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் அடுத்த பாட்டு. முகப்பு வைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை: தமிழ் எழுத்து உடைந்து தெரிந்தால், பெயர்களைப் படமாகச் செய்து பின்னணியாக வையுங்கள், பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் படத்தின் ஓரங்களை விழுங்கும், ஆகவே எழுத்தை விளிம்பில் வைக்காதீர்கள்.

வெற்றுத் தகடு வாங்கும்போது டிவிடி-ஆர் கேளுங்கள். பிளஸ் ஆர் என்பதும் பெரும்பாலும் ஓடும். மிகப் பழைய பிளேயர்களுக்கு முன்னதுதான் ஒத்துப்போகும். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ தகடு ஒளியைக் குறைவாகத் திருப்புகிறது. சில பிளேயர்கள் தகடே இல்லை என்று சாதிக்கும். இரட்டை அடுக்குத் தகட்டில் 8.5 ஜிபி கொள்ளும். விலையும் கூடுதல், அடுக்கு மாறும் இடத்தில் படம் ஒரு கணம் நிற்கவும் செய்யும். அந்தப் பணத்துக்கு இரண்டு சாதாரணத் தகடு வாங்கலாம்.

தகட்டின் மேல் எழுதும் வேகம் 16எக்ஸ் என்று போட்டிருந்தாலும் 8எக்ஸில் எழுதுங்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மேசைக் கணினியில் யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். நடுவில் மின்சாரம் போனால் அந்தத் தகடு டம்ளருக்கு அடியில் வைக்கத்தான் ஆகும். முடிவில் தகட்டை 'மூடுவது' என்று ஒரு வேலை உண்டு. இனி எழுத ஒன்றுமில்லை என்று உள்வட்டத்தில் முத்திரை வைப்பது. மென்பொருள் இதைத் தானாகச் செய்யும். ஆனால் சின்னத் தகட்டில் நேரடியாகப் பதிவு செய்யும் பழைய ஹேண்டிகேம் வைத்திருப்பவர்கள் அந்தக் கேமராவிலேயே இதைச் செய்ய வேண்டும். செய்யாததால்தான் பல வீடுகளில் அந்தக் குட்டித் தகடுகள் காலி என்று கருதப்பட்டு மூலையில் கிடக்கின்றன.

எழுதிய தகட்டைக் கணினியில் அல்ல, ஒரு பிளேயரில் போட்டுப் பாருங்கள். அதுவும் தொடக்கத்தை மட்டுமல்ல, கடைசிப் பத்து நிமிடத்தையும். கடைசிப் பகுதி தகட்டின் வெளிவிளிம்பில் இருக்கிறது. கோளாறு அங்கேதான் அதிகம். அதனால் நான் 4.3 ஜிபிக்கு மேல் நிரப்புவதில்லை. எல்லாத் தகடும் ஒரே மாதிரி திக்கினால் குற்றம் தகட்டில் இல்லை, பிளேயரின் கண்ணில். தறி ஓடும் வீட்டில் பஞ்சுத் தூசு எங்கும் நுழையும். அம்மிச்சி வீட்டுப் பிளேயரின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான பஞ்சு இருந்தது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மென்மையான துணியால் லென்ஸைத் தொட்டும் தொடாமலும் துடைத்தேன். அதன்பின் முன்பு முரண்டு பிடித்த தகடுகள்கூட ஓடின.

பிளேயரின் முகத்தில் யுஎஸ்பி துளை இருந்தால் தகடே வேண்டாமே என்று தோன்றலாம். சில நேரம் உண்மை. ஆனால் அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் டிவ்எக்ஸ் போன்ற பழைய முறையில் சுருக்கிய ஏவிஐ கோப்புகளைத்தான் அறியும். கைபேசி எம்பி4ஐ ஏற்காது. பென் டிரைவும் ஃபேட்32 முறையில் இருக்க வேண்டும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எப்படியும் மாற்றத்தான் வேண்டியிருக்கிறது.

தகட்டின் மேல் பெயர் எழுதத் தகட்டுக்கென்றே விற்கும் மார்க்கரை வாங்குங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். காகித ஸ்டிக்கரும் வேண்டாம்; வெயில் காலத்தில் ஓரம் எழும்பி, சுற்றும்போது தகட்டை ஆட்டும். துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாகத் துடைக்க வேண்டும். குறுக்கே விழுந்த சிறு கீறலைப் பிளேயர் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். சுருளோடு சேர்ந்து ஓடும் கீறலை நிரப்ப அதனால் முடியாது. பழைய சிடிகளில் பெயர் எழுதும் மேல்பக்கத்தையே அதிகம் காப்பாற்ற வேண்டும், பதிவு அந்தப் பக்கத் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில்.

அம்மிச்சிக்காக 'ஒன்று', 'இரண்டு' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். ஐஎஸ்ஓ கோப்பை இன்னும் அழிக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை, பேத்தி ஆடியது அதில் எந்த இடத்தில் வருகிறது என்று கேட்டிருக்கிறாராம். மூன்றாவது தகடு எழுத வேண்டியிருக்கிறது.